கல்வித் தகுதி: ஏதேனும் ஒரு பட்டம்

ஒரு நடுத்தர நிறுவனத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் நான் சேர்ந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலத்தில் எத்தனை விளம்பரங்களை எழுதியிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு வரி மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது: "கல்வித் தகுதி: ஏதேனும் ஒரு பட்டம்." பழைய விளம்பரத்தைத் திறந்து, பதவியின் பெயரையும் கடைசி நாளையும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவோம். அப்படி விடப்பட்டு விடப்பட்டே வந்த வரி அது. அதை முதலில் யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று பல ஆண்டுகள் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றிய பிறகும் அதை முழுவதும் எடுத்துவிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

என் அக்கா மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வழிகளுக்கு நடுவில் நிற்கிறாள். ஒரு கல்லூரியில் மூன்றாண்டு வணிகவியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. விடுமுறையில் மூன்று மாதம் அவள் வேலை பார்த்த, மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு நிறுவனமோ, அங்கேயே நிரந்தரமாக வந்துவிடும்படி அழைக்கிறது. கையில் திருப்புளியோடு ஒரு கருவியைப் பிரித்து, பழுதைக் கண்டுபிடித்து, மறுபடியும் ஓட வைத்த அன்று அவள் பேசிய பேச்சில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன் அவளிடம் கண்டதில்லை. சென்ற மாதம் ஒருநாள் அவள் தன் கைப்பேசியில் ஒரு வேலை விளம்பரத்தைக் காட்டினாள். எங்கள் நிறுவனத்தின் விளம்பரம், நான் எழுதியது. "சித்தி, எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி என்றால், பட்டத்துக்காகப் படித்த எதுவுமே இந்த வேலைக்கு வேண்டாம் என்றுதானே பொருள்? பிறகு எதற்காக அதைக் கேட்கிறீர்கள்?" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பினாள், அவ்வளவுதான்.

"முதலில் படித்து முடி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் கேட்டதற்கு அது பதிலே அல்ல. அன்று இரவு முழுவதும் அது என்னை உறுத்தியது. வாசலில் நின்று சீட்டுக் கேட்பவளும் நான்தான். சீட்டு வாங்கிக்கொண்டு வா என்று அறிவுரை சொல்பவளும் நான்தான். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்யும்போது அந்த அறிவுரைக்கு என்ன மதிப்பு?

சராசரிகள் சொல்வது

பட்டத்தால் பயன் உண்டா என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகக் கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். ஜார்ஜ் சகரோபுலோஸ், ஹாரி பட்ரினோஸ் என்ற இருவர் 139 நாடுகளிலிருந்து 1,120 மதிப்பீடுகளைத் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அவருக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலன் சராசரியாக 9 சதவீதம் அளவில் இருப்பதாகக் கண்டார்கள். உயர்கல்வியால் தனிமனிதருக்குக் கிடைக்கும் பலன் காலப்போக்கில் கூடியிருக்கிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. பட்டத்தால் எதுவும் ஆகப்போவதில்லை என்று மேடையேறிப் பேசுபவர்கள் இந்த எண்ணுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் சராசரிக்குள் பல வகை மனிதர்கள் அடங்கியிருக்கிறார்கள். பிரிட்டனின் நிதி ஆய்வுக் கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டுப் பட்டதாரிகளின் வாழ்நாள் வருமானத்தைக் கணக்கிட்டுப் பார்த்தது. வரியையும் கல்விக் கடனையும் கழித்த பிறகும் பெரும்பாலோருக்கு இலாபம்தான். ஆயினும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே இருந்திருந்தால் பணக்கணக்கில் இதைவிட நன்றாக இருந்திருப்பார். மருத்துவம், சட்டம், பொருளியல் படித்தவர்களுக்கும் படைப்புக் கலைகள் படித்தவர்களுக்கும் இடையில் இருந்த தூரம் மிகப் பெரியது. எனவே "பட்டம் பயன் தருமா" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தப் பட்டம், எந்தக் கட்டணத்தில், யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அது கேள்வியாகிறது.

பட்டம் ஏன் பலன் தருகிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 1964இல் கேரி பெக்கர் விரித்துச் சொன்ன மனித மூலதனக் கருத்தின்படி, கல்வி ஒருவருக்குள் திறனைச் சேர்க்கிறது. சேர்ந்த திறனுக்குச் சம்பளம் கிடைக்கிறது. 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் வேறொன்றைச் சொன்னார். வேலை கொடுப்பவருக்கு எதிரில் நிற்பவரின் திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, திறமையும் விடாமுயற்சியும் உள்ளவர்களால் எளிதாகவும் மற்றவர்களால் கடினமாகவும் பெறக்கூடிய ஓர் அடையாளத்தை அவர் தேடுகிறார். பட்டம் அப்படிப்பட்ட அடையாளமாக இருந்தால் போதும். அதற்காகப் படித்த பாடம் வேலைக்குச் சிறிதும் உதவாவிட்டாலும் அடையாளம் தன் வேலையைச் செய்துவிடும். இதைப் போன்ற ஆய்வுகளுக்காக ஸ்பென்ஸுக்கு 2001இல் ஜார்ஜ் ஏகர்லோஃப், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்துப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. என் அக்கா மகள் அவரைப் படித்ததில்லை. எங்கள் விளம்பரத்தின் ஒற்றை வரியிலிருந்தே அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

இரண்டாவது விளக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு செய்தி உண்டு. பழங்காலத்தில் பட்டங்களை ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதால் அதற்கு ஆட்டுத்தோல் விளைவு என்று பெயர். படிப்பிலிருந்துதான் முழுப் பலனும் வருகிறதென்றால், இரண்டாம் ஆண்டு எவ்வளவு தருகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் கடைசி ஆண்டும் தர வேண்டும். ஆனால் அமெரிக்கச் சம்பளத் தரவுகளை ஆராய்ந்து ஹங்கர்ஃபோர்டும் சோலனும் 1987இல் காட்டியது, பட்டம் கையில் வரும் ஆண்டில் வருமானம் துள்ளி உயர்கிறது என்பதை. கடைசித் தேர்வுக்கு முன்னால் படிப்பை விட்டவருக்கும் அதை எழுதி முடித்தவருக்கும் அறிவில் இருக்கும் வேறுபாடு கொஞ்சம். சம்பளத்தில் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரிது.

விண்ணப்பங்களைப் பிரிப்பவள் என்ற முறையில் இதற்கு நானே சாட்சி. "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்ட பதவிகளுக்கான நேர்காணல்களில், அந்தப் பட்டத்துக்காகப் படித்த பாடத்திலிருந்து நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பட்டத்தைப் பார்த்ததும் என் மனத்தில் ஓடுவது வேறு: இவர் நேரத்துக்கு வருவார், தொடங்கியதை முடிப்பார், சலிப்பூட்டும் வேலையையும் உட்கார்ந்து செய்வார். மூன்று ஆண்டுகளையும் ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் செலவிட்டு ஒருவர் கொண்டுவரும் தாளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவ்வளவுதான்.

கிடங்கில் ஒரு மாலை

நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. வழக்கம்போல் பழைய விளம்பரத்தைத் திறந்து நாளை மாற்றி வெளியிட்டேன். 63 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பங்களைப் பிரிக்கும் மென்பொருளில் பட்டம் இல்லை என்று குறித்தவர்கள் தாமாகவே விலக்கப்பட்டுவிடுவார்கள். அவர்களுடைய பெயர்கள் என் கண்ணுக்கே வருவதில்லை. எஞ்சியவர்களில் ஆறு பேரை அழைத்துப் பேசி ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல இளைஞர். அவர் வேலையில் சேர்ந்த அன்று மாலை அவரைக் கிடங்குக்கு அழைத்துச் சென்று, அங்கே 12 ஆண்டுகளாகச் சரக்கு வரவு பார்த்துவந்த ஓர் ஊழியரிடம் அறிமுகப்படுத்தி, "கொஞ்ச நாள் கூட இருந்து வேலையைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன்.

"சொல்லிக் கொடுக்கிறேன் மேடம். இவர் நாலாவது ஆள்" என்றார் அவர்.

அவர் குரலில் கோபம் இல்லை. நான்காவது என்றால் என்ன என்று எனக்கு உடனே விளங்கவும் இல்லை. கிடங்கில் இருந்த மற்றொருவர் பிறகு சொன்னார். அதற்கு முன் வந்த மூன்று மேற்பார்வையாளர்களுக்கும் அவரே வேலை பழக்கியிருக்கிறார். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும்படி எப்படி அடுக்குவது, ஏட்டில் உள்ள இருப்பும் அடுக்கில் உள்ள இருப்பும் ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது, பெட்டிக் கணக்கை உருப்படிக் கணக்காக யாரோ பதிந்துவிட்டதை எந்த அறிகுறியால் கண்டுகொள்வது என்பதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாதம் கூடவே நடந்து காட்டியிருக்கிறார். என் இருக்கைக்குத் திரும்பியதும் ஒரு சந்தேகத்தில், மென்பொருள் விலக்கிய 41 விண்ணப்பங்களைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினேழாவது விண்ணப்பம் அவருடையது.

மறுநாள் வேலை முடியும் நேரத்தில் அவரைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, "பட்டம் வெறும் காகிதம்தான். உங்கள் அனுபவத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?" என்றேன். அவர் கையிலிருந்த ஏட்டை மூடி வைத்தார். "அப்படிச் சொல்லாதீர்கள் மேடம். அதைக் காகிதம் என்று சொல்கிறவர்கள் எல்லாரிடமும் அந்தக் காகிதம் இருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, தன் மகனைக் கல்லூரியில் சேர்த்திருப்பதைச் சொன்னார். "எனக்கு வேலை தெரியும் என்று இந்த இடத்தில் உள்ளவர்களுக்குக் காட்ட 12 வருஷம் ஆயிற்று. இந்த வாசலைத் தாண்டிவிட்டால் அந்த 12 வருஷம் யாருக்கும் தெரியாது. அவன் மூன்று வருஷத்தில் காட்டிவிடட்டும். எங்கே போனாலும் காட்டட்டும்."

இந்த விஷயத்தில் நான் படித்த எதைவிடவும் அந்தச் சில சொற்கள் எனக்கு அதிகம் விளக்கின. அனுபவம் என்பது, அதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் மட்டுமே செல்லுபடியாகிறது. பட்டமோ அறிமுகமே இல்லாதவரிடமும் பேசுகிறது. அவர் தம் வேலையை நன்கு அறிந்தவர். நாங்கள் மறுத்ததால் தாழ்வு மனப்பான்மை கொண்டு மகனைக் கல்லூரிக்கு அனுப்பவும் இல்லை. அந்தத் தாள் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை எங்கள் அலுவலகத்தில் வேறு யாரையும்விடத் துல்லியமாக அளந்து வைத்திருந்தார். எங்கள் வரியால் அதிகம் அடிபட்டவரே அந்த வரியை நிறைவுசெய்யத் தம் சம்பளத்தில் பெரும்பகுதியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவரிடம் போய் யாரும் சொல்ல முடியாது.

எங்கள் கிடங்கு விதிவிலக்கல்ல என்பதும் பிறகு தெரிந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளி மற்ற இரு அமைப்புகளுடன் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, அமெரிக்காவில் உற்பத்தி மேற்பார்வையாளர் வேலையை எடுத்துக்காட்டாகக் காட்டியது. 2015இல் அந்த வேலைக்கான விளம்பரங்களில் 67 சதவீதம் பட்டத்தைக் கேட்டன. அதே வேலையை அப்போது பார்த்துக்கொண்டிருந்தவர்களிலோ 16 சதவீதத்தினரிடம்தான் பட்டம் இருந்தது. வேலை மாறவில்லை, வாசல் மட்டும் குறுகியிருக்கிறது. இதைவிடப் பழைய ஒரு வழக்கும் உண்டு. வட கரோலினாவில் டியூக் மின் நிறுவனத்தின் டான் ரிவர் நிலையத்தில், கூலி வேலைக்கு மேற்பட்ட பிரிவுகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்று 1955இல் விதி வந்தது. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அதோடு தேர்வுகளும் சேர்ந்தன. கறுப்பினத் தொழிலாளர்கள் 13 பேர் வழக்குத் தொடுத்தார்கள். சான்றிதழ் விதி வருவதற்கு முன்பே சேர்ந்த, சான்றிதழ் இல்லாத வெள்ளையின ஊழியர்கள் அதே பிரிவுகளில் குறையில்லாமல் வேலை பார்த்துவந்தார்கள் என்பது நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. வேலைக்கும் நிபந்தனைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட முடியாமல், ஓர் இனத்தாரை மட்டும் அதிகமாக வெளியே நிறுத்தும் நிபந்தனை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது என் பதினேழாவது விண்ணப்பம்தான் நினைவுக்கு வந்தது. எங்களிடமும் சாட்சி கிடங்கிலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த வரியை நாங்கள் ஏன் வைத்திருந்தோம்? 63 பேரை 22 பேராகக் குறைத்துத் தந்தது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை. அந்தச் சல்லடைக்கு நிறுவனம் எதையும் செலவழிக்கவில்லை. முழுச் செலவும் வெளியே நிற்பவர்கள் தலையில் விழுகிறது: மூன்று ஆண்டுகள், கட்டணம், அந்த மூன்று ஆண்டுகளில் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளம். நமக்குச் செலவில்லாத ஒன்றை நாம் அளவில்லாமல் கேட்போம். பட்டத்தின் மதிப்பு கல்லூரியில் மட்டும் உருவாவதில்லை. என் மேசையில் நான் யோசிக்காமல் விட்ட வரியிலும் அது உருவாகிறது.

வரியை நீக்கிய பிறகு

மேலதிகாரிகளிடம் பேசி, எட்டு மாதம் கழித்து, ஆறு வகைப் பதவிகளுக்கு மட்டும் அந்த வரியை எடுத்தோம். மாற்றம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் சுற்றில் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தோம், நால்வரும் பட்டதாரிகள். யாரும் சதி செய்யவில்லை. நேர்காணலுக்கு உட்கார்ந்தவர்கள் முன் இரண்டு தாள்கள் இருந்தால், தங்களுக்குப் பழக்கமான அடையாளம் இருக்கும் தாளின் பக்கம் கை தானாகவே போகிறது. விளம்பரத்திலிருந்து வரி போய்விட்டது, பார்க்கிறவர் மனத்திலிருந்து போகவில்லை.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. பட்டம் தேவையில்லை என்று அமெரிக்காவில் பல பெரிய நிறுவனங்கள் அறிவித்தபோது அது பெரும் செய்தியாயிற்று. 2014க்கும் 2023க்கும் இடையில் பட்டத் தகுதியை நீக்கிய பதவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஆனால் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் ஆய்வு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கை, அந்த அறிவிப்புகளால் உண்மையில் வாய்ப்புப் பெற்றவர்கள் ஓர் ஆண்டில் வேலைக்கு எடுக்கப்பட்ட 700 பேரில் ஒருவர்கூட இல்லை என்று காட்டியது. இந்தக் கணக்கு எனக்கு அச்சம் தருகிறது. ஏனென்றால் அறிவிப்பைப் படித்து நம்பிக் கல்லூரியைத் தவிர்த்த ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, இந்த 700இல் ஒன்றைப் படித்திருக்க மாட்டான்.

எங்களிடம் ஓரளவு மாற்றம் வந்தது வேறொரு வழியில். பொருந்தாத ஓர் இருப்புப் பட்டியலையும் உண்மையான ஓர் அடுக்கையும் கொடுத்து, தவறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னோம். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் ஊழியர் இருவரின் அரைநாள் அதற்குச் செலவாயிற்று. அதாவது, அதுவரை விண்ணப்பதாரர் சுமந்த செலவில் ஒரு சிறு பங்கை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அடுத்துச் சேர்ந்த ஐவரில் இருவர் பட்டம் இல்லாதவர்கள். ஒருவர் ஏழு மாதத்தில் போய்விட்டார், மற்றவர் இன்னும் இருக்கிறார். இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடங்கு மேற்பார்வையாளர் பதவி அதன்பிறகு காலியாகவே இல்லை. அந்த நாலாவது இளைஞர் நன்றாக வேலை செய்கிறார். அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் இன்றும் அதே இடத்தில் சரக்கு வரவு பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றப் பதவிகளுக்கான விளம்பரங்களில் அந்த வரி அப்படியே இருக்கிறது. என் அக்கா மகள் கைப்பேசியில் காட்டியது அவற்றில் ஒன்று.

யாருக்கு அந்தத் தாள் வேண்டியிருக்கிறது

பட்டம் வேண்டாம் என்பதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்கள் பில் கேட்ஸும் மார்க் சக்கர்பெர்கும். முன்னவர் 1975இல், பின்னவர் 2004இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்கள். வெளியேற வேண்டுமென்றால் முதலில் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சுகளில் மறைந்துவிடுகிறது. மிகக் கடினமான ஒரு வாசலைக் கடந்தவர்கள் என்ற அடையாளம் அவர்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. திரும்பிப் போகவும் இடம் இருந்தது. கல்லூரியை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலர் தரும் திட்டத்தை அமெரிக்கத் தொழில் முதலீட்டாளர் பீட்டர் தீல் 2011இல் நடைமுறைப்படுத்தினார். அதற்கும் கடுமையான தேர்வு உண்டு. அதில் இடம் கிடைத்ததே ஒரு பெரிய சான்றிதழாகிவிடுகிறது. ஒரு வாசலுக்குப் பதில் இன்னொரு வாசல். வாசலே இல்லாத வழியை இவர்களில் யாரும் காட்டவில்லை.

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடமும் பெற்ற மாணவர்களில், பெயர்பெற்ற கல்லூரிக்குப் போனவர்களுக்கும் அந்த அளவுக்குப் பெயர்பெறாத கல்லூரிக்குப் போனவர்களுக்கும் பிற்கால வருமானத்தில் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆனால் ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் வேறுபாடு இருந்தது. எனக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. வீட்டிலேயே தொழில் தெரிந்தவர்களும், தொலைபேசியை எடுத்துப் பேசினால் கேட்கக்கூடிய உறவினர்களும் உள்ள பிள்ளைக்குப் பட்டம் ஒரு கூடுதல் தாள். பரிந்துரைக்க ஆளில்லாத பிள்ளைக்கு அதுதான் பரிந்துரை. பட்டத்தைக் கைவிடச் சொல்லும் அறிவுரை, அதைக் கைவிட்டால் விழாதவர்களிடமிருந்தே பெரும்பாலும் வருகிறது. கிடங்கில் அன்று மாலை நானும் அப்படித்தான் பேசினேன்.

அதற்காக எந்தப் பட்டமாயினும் எப்பாடுபட்டாயினும் வாங்கிவிடு என்று சொல்ல நான் தயாராக இல்லை. மிக மோசமான நிலை, பட்டம் பெறாதவருடையதோ பயனற்ற பட்டம் பெற்றவருடையதோ அல்ல, பாதியில் விட்டவருடையது. செலவும் கடனும் போன ஆண்டுகளும் முழுமையாக இருக்கும், எங்களைப் போன்றவர்கள் பார்க்கும் தாள் மட்டும் இருக்காது. முடிக்க முடியுமா என்ற கேள்வியைச் சேரும்போதே கேட்பது அபசகுனம் அல்ல. முதல் வேலையும் மிக முக்கியம். அமெரிக்கப் பட்டதாரிகளைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 43 சதவீதத்தினருக்கு முதல் வேலையே பட்டம் தேவைப்படாத வேலையாக அமைந்திருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே நிலையிலேயே இருந்தார்கள். பட்டம் வாங்கியதும் எதிலாவது ஒட்டிக்கொள், பிறகு மேலே ஏறலாம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தை எவ்வளவு ஆபத்தானது என்று அதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஜெர்மனியின் இரட்டைத் தொழிற்பயிற்சி முறை வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே 300க்கும் மேற்பட்ட தொழில்களில் ஓர் இளைஞர் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வரை நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே, வாரத்தில் சில நேரம் தொழிற்பள்ளிக்கும் போகிறார். பயிற்சிக் காலத்தில் நிறுவனமே உதவித்தொகை தருகிறது. முடிவில் தொழிற்சபை நடத்தும் தேர்வில் வென்றவருக்குக் கிடைக்கும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நான் இதில் கவனிப்பது அந்தச் சான்றிதழைத்தான். பல்கலைக்கழகத்துக்குப் போகாதவரை அங்கே வெறுங்கையோடு அனுப்புவதில்லை. முன்பின் தெரியாத முதலாளியும் நம்பக்கூடிய இன்னொரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிடங்கில் இருப்பவருடைய 12 ஆண்டுகளுக்கு அப்படி ஒரு தாள் இருந்திருந்தால், அவர் தம் மகனைப் பற்றி எடுத்த முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

அவள் கேட்டு வந்தவை

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய் அவளிடம் என் பழைய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்த வரியைப் பற்றி அவள் சொன்னது சரி என்றும், ஆனால் அது சரி என்பதாலேயே அவள் அதைப் புறக்கணித்துவிட முடியாது என்றும் சொன்னேன். கிடங்கில் நடந்ததையும் சொன்னேன். பிறகு, இரண்டு இடங்களுக்கும் போய் ஒரே கேள்வியைக் கேட்டு வா என்றேன்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே சேர்ந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்?

பழுதுபார்க்கும் நிறுவனத்தின் உரிமையாளர் தயங்காமல் சொன்னாராம். ஐந்து பேர் சேர்ந்தார்கள். இருவர் இங்கேயே இருக்கிறார்கள், ஒருவர் கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குப் போய்விட்டார், மற்ற இருவரைப் பற்றித் தெரியாது. வேலையை விட்டுப் போகும்போது அனுபவக் கடிதம் தருவார்கள். அதற்கு மேல் தேர்வோ சான்றிதழோ கிடையாது. கல்லூரியில் மொத்தமாக எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற எண்ணைக் காட்டினார்கள். வணிகவியல் துறையில் மட்டும் எத்தனை பேர், என்ன வேலை என்று அவள் விடாமல் கேட்டதும், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, அந்தச் சேவைப் பிரிவுகளில் வேலைக்கு என்ன கேட்கிறார்கள் என்று 11 விளம்பரங்களைத் தேடிப் படித்தோம். ஒன்பது விளம்பரங்கள் கல்வித் தகுதி கேட்டன. அவற்றில் ஏழு, "ஏதேனும் ஒரு பட்டம்" என்று கேட்கவில்லை. மின்னணுவியலில் பட்டமோ பட்டயமோ வேண்டும் என்றன. அவளுக்குக் கிடைத்திருக்கும் இடம் வணிகவியலில். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து, மின்னணுவியல் பட்டயப் படிப்பு எங்கெங்கே இருக்கிறது, அதில் மாலை வகுப்பு உண்டா, அந்த நிறுவனம் வேலை நேரத்தை மாற்றித் தருமா என்று எழுதத் தொடங்கினாள். கல்லூரியில் கட்டணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

என் மேசையில் ஆவணக் காப்பு உதவியாளர் பதவிக்கான விளம்பரம் வெளியிடக் காத்திருக்கிறது. கல்வித் தகுதி என்ற இடத்தில் அந்த உதவியாளர் முதல் மாதத்தில் செய்ய வேண்டிய நான்கு வேலைகளை எழுதியிருக்கிறேன். அவற்றைச் செய்து காட்டச் சொல்லிச் சோதிக்க இருவரின் அரைநாள் வேண்டும் என்று பிரிவுத் தலைவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.